பாதி நாட்டின் முழுக் குடியுரிமை

தென்கொரியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று என்னிடம் விசாரிக்கும் தமிழ் நண்பர்கள், எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பரீட்சை எப்படி என்ற கேள்வி கடைசியில் வரும். என்னைப் பொறுத்தவரை சொல்வதற்கு விஷயமிருப்பது அந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். பொது வழியில் கேட்பவர் ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். 2018 டிசம்பரிலிருந்து நிரந்தர வசிப்புரிமையும் கையில் இருந்தாக வேண்டும். வருமானச் சான்று, அல்லது 6 கோடி வோன் அளவுக்குச் சொத்து இருப்பதற்கான ஆதாரம், ஊரிலிருந்து போலீஸ் நற்சான்றிதழ், அது வெளிநாட்டில் செல்லுபடியாக அதன்மேல் அப்போஸ்டில் என்ற அத்தாட்சி முத்திரை, எல்லாவற்றுக்கும் கொரிய மொழிபெயர்ப்பு. கொடுத்துவிட்டு ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேரிடும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இவை அலைச்சல்தான், ஆனால் எந்த நாட்டிலும் உள்ள அலைச்சல்.

பரீட்சைக்கு முன் வகுப்பு. நீதி அமைச்சகம் நடத்தும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை படிகள். ஒன்று முதல் நான்குவரை மொழி. ஒவ்வொன்றும் 100 மணி நேரம். கொரிய மொழி ஓரளவு தெரிந்தவர்கள் தொடக்கத்திலேயே நிலைத்தேர்வு எழுதி, கீழ்ப்படிகளைத் தாண்டிவிடலாம்; நானும் அப்படித்தான் செய்தேன். ஐந்தாம் படியில்தான் வரலாறு, சட்டம், பொருளாதாரம் என்று நாட்டைப் பற்றிய பாடம். நிரந்தர வசிப்புரிமை போதும் என்பவர்கள் அதில் 70 மணி நேரம் படித்து நிறுத்திக்கொள்ளலாம். குடியுரிமை வேண்டுமென்றால் மேலும் 30 மணி நேரம். வருகை 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. முடிவில் வரும் தேர்வில் நூற்றுக்கு அறுபது.

எனக்கு ஆன்சான் நகரில் சனிக்கிழமை வகுப்பு கிடைத்தது. தொழிற்பேட்டை ஊர், வேலைக்கு வந்த வெளிநாட்டவர் நிறைந்த ஊர். வியட்நாம், நேபாளம், இலங்கை முகங்களை எதிர்பார்த்துத்தான் போனேன். அவர்களும் இருந்தார்கள். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அச்சு அசல் கொரியர்களாக இருந்தார்கள். முதல் நாள் ஆசிரியை என்று நினைத்து ஒருவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சீனாவின் யான்பியன் பகுதியிலிருந்து வந்து மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையிருக்கும் வேலை பார்க்கும் அவரை, அன்றிலிருந்து கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு முன்வரிசையில் தாஷ்கெண்டிலிருந்து வந்த ஐம்பது வயதைக் கடந்தவர். பெயரின் முதற்பாதி ரஷ்யப் பெயர். குடும்பப் பெயர் கிம்.

இவர்கள் ஏன் வெளிநாட்டவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்சத்திலும் பிறகு ஜப்பானிய ஆட்சியின்போதும் வடகிழக்கு மாகாணமான ஹம்கியோங்கிலிருந்து ஆற்றைக் கடந்தவர்கள் பலர். துமென் ஆற்றுக்கு அப்பால் மஞ்சூரியாவில் தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றைய யான்பியன்காரர்கள். 1952 முதல் அது சீனாவில் கொரியர்களின் தன்னாட்சிப் பகுதி. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் குடியேறியவர்களை 1937இல் ஸ்டாலின் அரசு மொத்தமாக ரயிலேற்றி, கஸகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் கொண்டுபோய் இறக்கியது. சுமார் 1,72,000 பேர். தாஷ்கெண்ட்காரரின் பாட்டி அந்த ரயிலில் வந்தவர்.

ஓர் இடைவேளையில் அவர் காபி இயந்திரத்தின் முன் நின்று, பாட்டியிடம் கற்ற ஏதோ ஒரு வாக்கியத்தைத் தனக்குத்தானே முணுமுணுத்தார். அக்கா காகிதக் கோப்பையோடு திரும்பினார். அதே நடையில் பதில் சொன்னார். அடுத்த பத்து நிமிடம் இருவரும் பேசியது, சியோலில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆசிரியைக்குப் பாதிதான் விளங்கியது. "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்" என்றார் அவர். சீனப் பாஸ்போர்ட்டும் உஸ்பெக் பாஸ்போர்ட்டும், வடகொரியாவில் இருக்கும் ஒரு மாகாணத்தின் பேச்சில், தென்கொரிய அரசு வகுப்பறையில் சந்தித்துக்கொண்டன. அந்த மாகாணத்தை மூவரில் பார்த்திருந்தவர் அக்கா ஒருவர்தான். ஹோர்யோங் ஊரில் அவருடைய அத்தை இருக்கிறார். எல்லை மூடப்படுவதற்கு முன் உறவினர் விசாவில் இரண்டொரு முறை அரிசியும் துணியும் சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறார். ஆசிரியையால் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

சட்டம் இவர்களை நடத்திய விதம் பாடப்புத்தகத்தில் இல்லை. அக்காவுக்கு ஆண்டு வாரியாக மனப்பாடம். வெளிநாட்டுக் கொரியர்களுக்குச் சலுகை தர 1999இல் ஒரு சட்டம் வந்தது. 1948இல் கொரியக் குடியரசு அமைவதற்கு முன்பே வெளியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவுக்குப் போனவர்கள் உள்ளே. சீனாவிலும் சோவியத்திலும் இருந்தவர்கள் வெளியே. 2001இல் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி, 2004இல் திருத்தினார்கள். அப்போதும் மூன்றாம் தலைமுறையோடு கோடு போட்டார்கள். நான்காம் தலைமுறைக்கு வழி பிறந்தது 2019இல். "என் தாத்தா எந்த வருஷம் ஆற்றைக் கடந்தார் என்பதை வைத்து என் ரத்தத்தை அளக்கிறார்கள்" என்பார் அக்கா. கோபமாக அல்ல, அலுப்பாக.

அரசியல் சாசனப் பாடம் வந்தபோது என் தலை இன்னும் சுற்றியது. கொரியக் குடியரசின் ஆட்சிப்பரப்பு எது என்பது தேர்வுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி. மூன்றாம் பிரிவின்படி விடை: கொரியத் தீபகற்பம் முழுவதும், அதைச் சார்ந்த தீவுகளும். நடுவிலிருக்கும் முள்வேலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த பிரிவே இரு கொரியாக்களின் அமைதி வழி ஒன்றிணைப்பைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் பியோங்யாங்கில் பிறந்தவர் யார் என்று கேட்டேன். "பிறப்பால் நம் குடிமகன்" என்றார் ஆசிரியை, கண்ணிமைக்காமல். 1996இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. வடக்கிலிருந்து தப்பி வருகிறவருக்கு இந்த வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது. விசாரணை உண்டு, அதன்பின் 1999இல் தொடங்கிய ஹானாவொன் மையத்தில் மூன்று மாதப் பயிற்சி உண்டு. ஏடிஎம்மில் பணம் எடுப்பதிலிருந்து அங்கே சொல்லித் தருகிறார்கள். இதுவரை இப்படி வந்தவர்கள் சுமார் 34,000 பேர்.

சாசனத்தை ஏட்டளவில் விட்டுவிடவில்லை என்பதற்கு ஆசிரியை ஓர் உதாரணம் சொன்னார். நான் நம்பாமல் பிறகு போய்ப் பார்த்தேன். சியோலின் கூகி பகுதியில் வடக்கு ஐந்து மாகாணங்களுக்கான குழு அலுவலகம் இருக்கிறது. 1949இல் ஏற்படுத்தியது. ஹ்வாங்ஹே, வட பியோங்கான், தென் பியோங்கான், வட ஹம்கியோங், தென் ஹம்கியோங் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் இன்றும் நியமிக்கிறார். துணை அமைச்சர் அந்தஸ்து. தங்கள் மாகாணத்தில் கால் வைக்க முடியாத ஆளுநர்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கீழ்த்தளத்தில் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்த முதியவர்களைப் பார்த்தபிறகு வரவில்லை.

தேசிய கீதத்தை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. பாடச் சொன்னால் தடுமாறக் கூடாது. அதன் முதலடி பெக்து மலையைச் சொல்கிறது. 2,744 மீட்டர் உயரம், தீபகற்பத்தில் எல்லாவற்றுக்கும் மேல். அது இருப்பது வடகொரியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான எல்லையில். தென்கொரியர்கள் பார்க்க வேண்டுமானால் விமானத்தில் சீனாவுக்குப் போய், அந்தப் பக்கமாக ஏற வேண்டும். வகுப்பில் கீதத்தைக் கூட்டாகப் பாடினோம். ஆசிரியை அந்த மலையைப் பார்த்ததில்லை, அக்காவோ பள்ளிச் சுற்றுலாவிலேயே போய் வந்தவர். வடக்கின் கீதமும் தீபகற்பம் முழுவதையும் குறிக்கும் மூவாயிரம் ரி என்ற பழைய அளவைப் பாடிக்கொண்டிருந்தது. 2024 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். தெற்கு இனி உறவல்ல, பகை நாடு என்று வடக்கின் தலைமை அறிவித்ததையொட்டி நடந்தது அது. பியோங்யாங்கின் ஒன்றிணைப்பு வளைவையும் அப்போதே இடித்தார்கள். அக்டோபரில் எல்லைச் சாலைகளுக்கு வெடி வைத்தார்கள்.

எங்கள் பாடப்புத்தகம் இதையெல்லாம் கேள்விப்படாதது போல இருந்தது. ஒன்றிணைந்தால் ராணுவச் செலவு குறையும், வடக்கின் கனிமமும் தெற்கின் தொழில்நுட்பமும் சேரும், ரயில் ஐரோப்பாவரை போகும். ஒரு கம்பெனி இணைப்புக்கான விளம்பர அறிக்கை படிப்பது போல இருந்தது எனக்கு. அந்தப் பாடத்தன்று ஆசிரியை புத்தகத்தை மூடிவைத்து, "தேர்வில் இதில் உள்ளபடி எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் முப்பதுகளில் இருப்பவர். தன் நண்பர்கள் பலருக்குத் தனித்தனியாக, சண்டையில்லாமல் இருந்தாலே போதும் என்ற எண்ணம்தான் என்று இடைவேளையில் சொன்னார். இளையவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புகளும் அதைத்தான் காட்டுகின்றன.

புத்தகம் சொல்லாததை எனக்குச் சொன்னவர் வீட்டுக்காரத் தாத்தா. மேல்மாடியில் அவர், கீழே நான். நான் படிக்கும் புத்தகத்தை ஒருநாள் வாங்கிப் புரட்டிவிட்டு, வரைபடத்தில் கேசோங் மீது விரலை வைத்தார். 1945இல் அமெரிக்காவும் சோவியத்தும் 38ஆவது அட்சக்கோட்டில் நாட்டைப் பிரித்தபோது கேசோங் கோட்டுக்குத் தெற்கே இருந்தது. பிறகு மூண்ட கொரியப் போர் முடிந்து 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானபோது எல்லை வேறாகிவிட்டது; கேசோங் வடக்கோடு போயிற்று. "நான் தெற்கில் பிறந்தவன். ஊர்தான் வடக்கே போய்விட்டது" என்றார். 1951 ஜனவரியில் சீனப் படைகள் இறங்கியபோது, ஒரு வாரத்தில் திரும்பலாம் என்று அப்பா அவரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அம்மாவும் தம்பியும் வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார்கள்.

1983இல் கேபிஎஸ் தொலைக்காட்சி பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியை 138 நாட்கள், மொத்தம் 453 மணி நேரத்துக்கு மேல், நேரலையாக நடத்தியது. தெற்குக்குள்ளேயே சிதறிக் கிடந்த குடும்பங்களில் பத்தாயிரத்துக்கு மேல் ஒன்றுசேர்ந்தன. தாத்தாவும் தம்பியின் பெயரை அட்டையில் எழுதி, சியோலின் யோய்தோ திடலில் நின்றிருக்கிறார். எப்படியாவது பின்னால் வந்திருப்பானோ என்று. வரவில்லை. 2000ஆம் ஆண்டுக்குப்பின் இரு அரசுகளும் நடத்திய சந்திப்புகளுக்கும் பதிந்து வைத்தார். தெற்கில் பதிந்தவர்கள் 1,30,000க்கும் மேல். ஒரு சுற்றில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய நூறு பேர், கணினிக் குலுக்கலில். 2018 ஆகஸ்டோடு 21 சுற்றுகள் முடிந்தன. அதற்குப்பின் ஒன்றும் இல்லை. பதிந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள். "லாட்டரிச் சீட்டுகூட வாரம் ஒருமுறை குலுக்குகிறார்கள்" என்பது தாத்தாவின் கசப்பு.

சூசோக் என்ற அறுவடைப் பண்டிகையன்று தாத்தாவின் மகனுக்கு விடுப்பு கிடைக்காததால் நான் காரோட்டிக்கொண்டு அவரை இம்ஜின்காக்குக்கு அழைத்துப் போனேன். எல்லைக்கு மிக அருகில், பாஜூவில் இருக்கும் இடம். சுதந்திரமாகப் போகலாம், அனுமதிச் சீட்டு தேவையில்லை. அங்கே மாங்பேதான் என்ற படையல் மேடை, வடக்கே முகம் பார்த்து நிற்கிறது. பிறந்த ஊருக்குப் போய்ப் பித்ருக்களுக்குப் படைக்க முடியாதவர்கள் இங்கே வந்து படைக்கிறார்கள். தாத்தா பையிலிருந்து எடுத்தவை: இரண்டு பேரிக்காய், உச்சி சீவி வைத்தது; காய்ந்த மீன் ஒன்று; சோங்ப்யோன் கொழுக்கட்டை ஒரு டப்பா; அரிசிக் கள் ஒரு பாட்டில். மீனின் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அடுத்த பாயில் இருந்த அம்மையாரோடு சிறிய வாக்குவாதம். அவர் ஹ்வாங்ஹேக்காரர், அங்கே வழக்கம் வேறாம். கடைசியில் அவரவர் ஊர் முறைப்படி வைத்தார்கள். தாத்தா முழந்தாளிட்டு, நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை கும்பிட்டார். அமாவாசைக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து பழகியவனுக்கு அதில் விளக்கம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில், துருப்பிடித்த ஒரு நீராவி என்ஜினைப் பார்த்தோம். 1950 டிசம்பர் 31 அன்று ஜாங்தான் நிலையத்தில் நின்றுபோனது. எதிரிக்கு உதவக் கூடாது என்று அமெரிக்கப் படையே அதைச் சுட்டுத் துளைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுத் துளைகள். அதற்குள் முளைத்திருந்த முசுக்கொட்டைச் செடியையும் பிடுங்கி வந்து பக்கத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். அதே குளிர்காலத்தில் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கிய இந்திய மருத்துவப் படைப்பிரிவொன்று, மருந்தையும் கருவிகளையும் விட்டுவர மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு ரயிலைத் தானே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தது. அதன் தலைவர் ஆற்காடு ரங்கராஜ் என்ற தமிழர் என்று தாத்தாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்த இந்தியர்கள் வேறு. ஊர் திரும்ப மறுத்த போர்க் கைதிகளைக் காவல் காக்க 1953இல் வந்தவர்கள். அன்றைய தென்கொரிய அரசு அவர்களைத் தன் மண்ணில் நடக்க விடாததால் இன்சோனிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். "உன்னை மட்டும் வரவிட்டுவிட்டார்கள்" என்று தாத்தா சிரித்தார்.

தேர்வுக்கு வருவோம். எழுத்துப் பகுதி பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. மாதிரி வினாத்தாள்களைப் புரட்டினால் போதும். கவனம் வேண்டியது எழுதும் கேள்விகளிலும் நேர்முகக் கேள்விகளிலும். ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்வார்கள். அதிலிருந்து கேள்வி தொடங்கும். எனக்கு வந்தது ஒன்றிணைப்பு. ஏன் தேவை என்று கேட்டதும் புத்தகத்தின் மூன்று காரணங்களையும் ஒப்பித்தேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டு, "எது கடினமாக இருக்கும்?" என்றார். இது புத்தகத்தில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. வடக்கிலிருந்து வந்த பலர் வேலைக்கான நேர்காணலில் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமே என்று, தெற்கிலுள்ள கங்வொன் மாகாணத்துக்காரர் என்றோ யான்பியன்காரர் என்றோ சொல்லிக்கொள்கிறார்கள். சட்டப்படி அவர்களுக்குப் பரீட்சையே இல்லை, ஆனால் தினமும் யாரோ ஒருவர் வாய்மொழித் தேர்வு வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். இலக்கணப் பிழை இரண்டாவது இருந்திருக்கும். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். தேறிவிட்டேன்.

வகுப்பு நண்பர்கள் என்ன ஆனார்கள்? தாஷ்கெண்ட்காரர் 30 மணி நேர வகுப்பிலும் என்னோடு இருந்தார், தேறினார். மகளை அழைத்து வர விண்ணப்பித்திருக்கிறார். அக்கா 70 மணி நேரத்தோடு நின்றுகொண்டார். வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கியவர் அவர்தான். ஆசிரியையும் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கொரியக் குடிமகன் வடக்கே போக வேண்டுமானால் ஒன்றிணைப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அங்குள்ளவருக்குக் கடிதம் எழுதவும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றிப் போனால் வழக்கு. சீனப் பாஸ்போர்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லை திறந்தால் பாலத்தைக் கடந்துவிடலாம். "கொரியர் ஆகிவிட்டால் அத்தை வீட்டுக்குப் போக முடியாது" என்றார்.

உங்களில் யாராவது விண்ணப்பிப்பதாக இருந்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுதில்லிக்குப் பியோங்யாங்குடன் 1973 முதல் தூதரக உறவு இருக்கிறது; விசா கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பெக்து மலையின் கொரியப் பக்கத்துக்கே போய் வரலாம். உறுதிமொழி விழாவில் எழுந்து நின்று சாசனத்தைக் கடைப்பிடிப்பேன் என்று வாசித்த அன்றோடு எனக்கு அந்த வழி அடைபட்டது. சான்றிதழ் வாங்கிய ஓராண்டுக்குள் பழைய குடியுரிமையைத் துறந்ததற்கான ஆதாரத்தைக் கொடுத்தாக வேண்டும். அதைத் தள்ளிப் போடாமல் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.